எடை குறைப்புச் சத்திரசிகிச்சை: வைத்திய அபிப்பிராயங்கள் முரண்படும்போது

பெருந்தோட்ட மக்களின் சுகாதாரம் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் போசாக்கின்மை, குருதிச்சோகை, நிறை குறைந்த குழந்தைப் பிறப்பு ஆகியனவே முதலில் முன்வைக்கப்படுகின்றன. அது தவறன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதமாக இருந்த வேளையில், தோட்டப்புறங்களில் அத்தொகை 32 சதவீதமாகக் காணப்பட்டது. ஆயினும் அதே லயன் வரிசைகளில், அந்தப் பிள்ளைகளின் தாய்மாரும் பாட்டிமாரும் சீனி வருத்தத்திற்கும் குருதி அமுக்கத்திற்கும் மாத்திரை வாங்கக் கிளினிக் அட்டையுடன் காத்திருக்கின்றனர் என்பதனையும் நாம் காணத் தவறலாகாது. தெமோதரையிலிருந்து ஹாலிஎல வழியாகப் பதுளை வைத்தியசாலைக்குச் செல்லும் பஸ்களில் கிளினிக் நாட்களில் பயணித்தோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. கருவிலே போதிய ஊட்டம் பெறாத உடல் பிற்காலத்தில் மாவையும் சீனியையும் கையாளும் திறன் குன்றியதாக அமைகின்றது என்ற கருத்தினை 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் ஆகிய இருவரும் முன்வைத்தனர். கொழுந்துக் கூடையுடன் மலையேறி இறங்கிய உடலுக்குக் கோதுமை ரொட்டியும் சம்பலும் சீனி கலந்த தேநீரும் போதுமாயிருந்தன. அதே உணவு, மலையேறுதல் நின்றுபோன உடலில் வயிற்றுக் கொழுப்பாகச் சேர்கின்றது. 2005-06 காலப்பகுதியில் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்வில், 20 வயதைக் கடந்தோரில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறியப்பட்டது. நகரில் 16.4 சதவீதமும் கிராமத்தில் 8.7 சதவீதமுமாக அது இருந்தது. இடைவெளி பெரிதெனினும் கிராமத்துத் தொகையும் சிறிதன்று.

இந்நிலையில்தான், கொழும்பில் வேலை செய்யும் மகனோ மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய மகளோ "அம்மாவுக்கு ஒப்பரேஷன் செய்து எடையைக் குறைக்கலாமாமே" என்ற செய்தியை வீட்டிற்குக் கொண்டு வருகின்றனர். அதன் பின்னர் நிகழ்வது பெரும்பாலும் ஒரே மாதிரியானது. கிளினிக் வைத்தியர் வேண்டாம் என்கின்றார். சனல் பண்ணிப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் உடனே செய்யலாம் என்கின்றார். மூன்றாமவர் ஊசி மருந்தைச் சொல்கின்றார். மூவரும் படித்தவர்களே. குடும்பம் யாரை நம்புவது?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 155 சென்ரிமீற்றர் உயரமும் 82 கிலோகிராம் நிறையும் உடைய, நீரிழிவு கட்டுப்பாட்டிற்குள் வராத ஒரு பெண்ணின் உடற்திணிவுச் சுட்டி (கிலோகிராமிலான நிறையை மீற்றரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது) சுமார் 34 ஆகும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் 1991இல் வகுத்த விதியின்படி, சுட்டி 40 அல்லது அதற்கு மேல் இருத்தல் வேண்டும். நீரிழிவு போன்ற இணைநோய் இருப்பின் 35 போதுமானது. இதன்படி இப்பெண் தகுதியற்றவர். 2016இல் நீரிழிவு அமைப்புகள் பல கூடி வெளியிட்ட கூட்டறிக்கை, ஆசியருக்கு எல்லைகளை 2.5 ஆல் குறைத்தது. சுட்டி 32.5ஐத் தாண்டியும் நீரிழிவு கட்டுப்படாவிடின் சத்திரசிகிச்சை பரிந்துரைக்கத்தக்கது என்றது. இதன்படி அவர் தகுதியுடையவர். 2022இல் இத்துறையின் அமெரிக்க, சர்வதேச சங்கங்கள் இணைந்து வெளியிட்ட வழிகாட்டல், ஆசியருக்கு 27.5ஐத் தாண்டினாலே இச்சிகிச்சை முன்வைக்கப்படலாம் எனக் கூறுகின்றது.

ஆகவே மறுத்த வைத்தியரும் சம்மதித்த வைத்தியரும் வெவ்வேறு ஆண்டுகளின் விதிநூலைக் கையில் வைத்திருக்கக்கூடும். ஆசியருக்கு எல்லை ஏன் குறைக்கப்பட்டது என்பதற்கும் காரணமுண்டு. ஐரோப்பியரிலும் பார்க்கக் குறைந்த நிறையிலேயே எம்மவருக்கு வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் தோன்றிவிடுகின்றன. எனவே குடும்பத்தினர் முதலிற் கேட்க வேண்டியது "செய்யலாமா, கூடாதா" என்பதன்று. "எந்த அளவுகோலின்படி சொல்கின்றீர்கள்" என்பதேயாகும். இவ்வாறு கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகும் என்ற தயக்கம் எம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. நல்ல வைத்தியர் இதற்குச் சினப்பதில்லை.

சத்திரசிகிச்சை என்ன செய்கின்றது என்பதிலும் தெளிவு தேவை. 'பைபாஸ்' என்றதும் எம்மவர் நினைப்பது இருதயத்தையே. இது இரைப்பையில் செய்யப்படுவது. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1966இல் எட்வர்ட் மேசன் தொடக்கிவைத்த இம்முறை, பின்னர் பல மாற்றங்களுக்கு உள்ளாகியது. இன்று இரைப்பையின் மேற்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளளவுள்ள ஒரு சிறு பை அமைக்கப்பட்டு, சிறுகுடல் நேரடியாக அதனுடன் இணைக்கப்படுகின்றது. 'ஸ்லீவ்' எனப்படும் மற்றைய முறையில் இரைப்பையின் முக்காற் பங்குக்கு மேற்பட்ட பகுதி வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது குழாய் வடிவம் பெறுகின்றது. அகற்றியதை மீளப் பொருத்த முடியாது. நெஞ்செரிவுத் தொல்லை உடையோருக்கு ஸ்லீவ் அதனை மேலும் மோசமாக்கலாம். ஆகவே 'செய்வோம்' என்று கூறும் இரு நிபுணர்களுள்ளும் ஒருவர் ஸ்லீவையும் மற்றவர் பைபாஸையும் பரிந்துரைக்க இடமுண்டு. பசியைத் தூண்டும் சுரப்புகளும் இவற்றால் மாற்றமடைவதால், நிறை குறையும் முன்னரே குருதிச் சீனி இறங்கத் தொடங்குவது பலரிடம் அவதானிக்கப்பட்டுள்ளது.

பயன் நிலைக்குமா? சுவீடனில் 1987இல் ஆரம்பிக்கப்பட்டு, சத்திரசிகிச்சை பெற்ற 2,010 பேரையும் பெறாத 2,037 பேரையும் தொடர்ந்து அவதானித்த ஆய்வே இதற்குப் பெரிதும் எடுத்தாளப்படுவது. சத்திரசிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளரில் 72 சதவீதமானோர் இரண்டு ஆண்டுகளின் பின் நோய் தணிந்தவர்களாக இருந்தனர்; பத்தாண்டுகளின் பின் அது 36 சதவீதமாகக் குறைந்தது. சத்திரசிகிச்சை பெறாதோரில் அது முறையே 21, 13 சதவீதமாகும். இவ்விலக்கங்களில் எதனை எடுத்துரைப்பது என்பதிலேயே அபிப்பிராயம் மாறிவிடும். ஆதரவாளர் 72ஐச் சொல்வார். தயங்குபவர் 36ஐச் சொல்வார். இரண்டும் உண்மையே. நீரிழிவு தோன்றிச் சில ஆண்டுகளே ஆகி, இன்சுலின் இன்னும் தேவைப்படாதோருக்கே நோய் தணியும் வாய்ப்பு அதிகம். இருபது ஆண்டுகள் இன்சுலின் ஏற்றிய ஒருவருக்கு அதே எதிர்பார்ப்பை ஊட்டுதல் நியாயமாகாது.

ஆபத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் பல நிலையங்களை உள்ளடக்கி 2009இல் வெளியான ஆய்வொன்றில், 30 நாட்களுக்குள் நிகழ்ந்த மரணம் 0.3 சதவீதமாகப் பதிவானது. இது சிறிய தொகைதான். ஆனால் அது பயிற்சி பெற்ற குழுவும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடங்களின் கணக்கு. 2024 ஏப்ரலில், சென்னைக்கு அண்மையிலுள்ள பம்மலில், தனியார் வைத்தியசாலை ஒன்றில் எடை குறைப்புச் சத்திரசிகிச்சையின் போது புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணை நடத்தி அவ்வைத்தியசாலையின் பதிவைத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட நடிகை ஒருவர் இறந்தமையும் இதனுடன் சேர்த்துப் பேசப்படுவதுண்டு. அது கொழுப்பை அகற்றும் அழகியற் சிகிச்சை; இதனின்றும் முற்றிலும் வேறானது. இரண்டையும் குழப்பிப் பயமுறுத்துவதும் தவறு, குழப்பி விற்பனை செய்வதும் தவறு.

வைத்தியரும் குடும்பமும் முரண்பட்ட கதைகளுள் உலகறிந்தது எகிப்தியப் பெண் இமான் அஹ்மத்துடையது. சுமார் 500 கிலோகிராம் நிறையுடையவர் எனக் கூறப்பட்ட அவர் 2017 பெப்ரவரியில் விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு, மார்ச்சில் ஸ்லீவ் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டார். நிறை பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டதாக வைத்தியர்கள் அறிவித்தனர். அவருடைய சகோதரியோ அதனை ஏற்க மறுத்தார். வைத்தியர்கள் அக்குற்றச்சாட்டை நிராகரித்தனர். மே மாதம் அபுதாபிக்கு மாற்றப்பட்ட இமான் செப்தம்பரில் அங்கு காலமானார். இதில் யார் சரி என்று தீர்ப்பளிப்பது எமது நோக்கமன்று. எம் பார்வையில், வைத்தியர்கள் கிலோகிராமை எண்ணினர். சகோதரி, அக்கா எழுந்து நடக்கும் நாளை எதிர்பார்த்திருந்தார். சத்திரசிகிச்சையிலிருந்து தாம் எதிர்பார்ப்பது என்ன என்பதைக் குடும்பம் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லவும், அது கிட்டுமா என வைத்தியர் வெளிப்படையாகப் பதிலளிக்கவும் வேண்டியது இதனாலேயே.

மூன்றாமவர் சொன்ன ஊசியைப் பற்றியும் சிறிது. செமகுளுடைட் மருந்து 2021இலும் ரிர்செபடைட் 2023இலும் எடை குறைப்புக்கென அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. பிரதான ஆய்வுகளில் முன்னையது உடல்நிறையில் சுமார் 15 சதவீதத்தையும் பின்னையது அதியுயர் அளவில் சுமார் 21 சதவீதத்தையும் குறைத்தன. ஆனால் நிறுத்தினால் குறைந்த நிறையின் பெரும்பகுதி மீண்டுவிடுகின்றது. 2024 செப்தம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் வாழ்ந்த குடும்பத்திற்கு, முடிவின்றித் தொடரும் ஊசிச் செலவு என்பது பேச்சளவிலேயே நின்றுவிடக்கூடியது. கொழும்பையும் அதன் சுற்றயலையும் சேர்ந்த அரச வைத்தியசாலைகள் சிலவற்றில் இச்சத்திரசிகிச்சை இலவசமாகவே செய்யப்படுகின்றது என்பதனை இங்கு குறிப்பிடுதல் தகும். கடன்பட்டுத் தனியாரிடம் செல்லுமுன் அந்த வழியை விசாரித்தல் வேண்டும்.

ஆனால் செலவு சத்திரசிகிச்சையுடன் முடிவதில்லை. விற்றமின் பீ 12, இரும்பு, கல்சியம் ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். குருதிப் பரிசோதனையும் தொடர வேண்டும். ஏற்கெனவே குருதிச்சோகை மலிந்த தோட்டப்புறப் பெண்களுக்கு இது சாதாரண நிபந்தனையன்று. பிள்ளை பெறும் வயதினர் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். பதுளைக்கும் கொழும்புக்கும் இடையிலான சுமார் 290 கிலோமீற்றர் புகையிரதப் பாதையையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியினால் மலையகப் பாதைகள் துண்டிக்கப்பட்ட வேளையில், வெட்டிய இரைப்பையின் தையலில் கசிவு ஏற்பட்ட நோயாளி ஒருவர் தெமோதரையில் இருந்திருப்பின் என்ன செய்திருப்பார் என எண்ணிப் பார்க்கலாம். கசிவு முதற் சில வாரங்களிலேயே நிகழக்கூடியது. எனவே அவ்வாரங்களைக் கொழும்பில் உறவினர் வீட்டில் கழிக்க முடியுமா, பதுளை வைத்தியசாலையில் இதனைக் கவனிக்கக்கூடியவர் யார் என்பன முன்கூட்டியே அறியப்பட வேண்டியவை.

மொழி வேறு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எனினும் தமக்குப் புரியாத மொழியிலமைந்த சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுதல் எம்மவருக்குப் புதிதன்று. தமிழில் வாசித்து விளக்கப்படும் வரை ஒப்பமிடாதிருக்க நோயாளிக்கு உரிமையுண்டு. முதலாம் வைத்தியரின் அபிப்பிராயத்தைக் கடிதமாகப் பெற்று இரண்டாமவரிடம் ஒப்படைத்தலும் பயனுள்ளது. வாய்மொழியாகச் சென்ற செய்தி வழியில் திரிபடையும்; எழுத்தில் உள்ளதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இதுவரை வழங்கப்பட்ட மருந்துகள் எவை, ஆறு மாதம் தாமதித்தால் என்ன நேரும், இச்சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்துள்ளீர்கள், இரவில் சிக்கல் ஏற்பட்டால் யார் வருவார் என்ற அதே கேள்விகளை இருவரிடமும் கேட்டுப் பதில்களை ஒப்பிட்டால், முரண்பாட்டின் பெரும்பகுதி கரைந்துவிடும். எஞ்சுவதே உண்மையான கருத்து வேறுபாடு.

முஸ்லிம் வாசகர்கள் கருத்திற் கொள்ள வேண்டிய இரு விடயங்கள் உள. முதலாவது, ரமழான் நோன்பு. சிறிது சிறிதாக நாள் முழுதும் நீர் அருந்த வேண்டிய நிலை இருப்பதால், சத்திரசிகிச்சையின் பின்னரான முதலாவது வருடத்தில் நோன்பைத் தவிர்க்குமாறு வைத்தியர்கள் பொதுவாக அறிவுறுத்துகின்றனர். திகதியை முடிவு செய்யும்போதே இதனைப் பேசிக்கொள்ளலாம். இரண்டாவது, குருதி உறைவதைத் தடுக்க ஏற்றப்படும் இனொக்சபரின் ஊசி பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவது. செயற்கையாகத் தயாரிக்கப்படும் பொண்டபரினக்ஸ் என்ற மாற்று மருந்தும் உண்டு. அது பொருத்தமா என வைத்தியரிடமும், நிர்ப்பந்த நிலையின் சட்டம் யாதென உலமாக்களிடமும் முன்னரே கேட்டறிதல், சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில் தடுமாறுவதிலும் மேலானது. விரதம் அனுஷ்டிக்கும் இந்துக்களுக்கும் நோன்பு பற்றிய முதலாவது விடயம் பொருந்தும்.

இறுதியாக, சிறிதெனத் தோன்றும் ஒரு விடயம். உடல் உளைவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி நிவாரணிகளைக் கடையில் வாங்கி விழுங்குவது தோட்டங்களில் அன்றாட வழக்கம். பைபாஸ் செய்துகொண்டவருக்கு இவை இரைப்பை இணைப்பில் புண்ணையும் குருதிப்பெருக்கையும் உண்டாக்கக்கூடியவை. ஆகவே செய்யப்பட்ட சத்திரசிகிச்சையின் பெயரும் விலக்கப்பட்ட மாத்திரைகளின் பெயர்களும் எழுதப்பட்ட அட்டையொன்றைப் பெற்று, அதன் பிரதியைத் தோட்ட வைத்திய உதவியாளரிடம் ஒப்படைத்து, மற்றொன்றை வீட்டில் கிளினிக் கொப்பியுடன் வைத்திருத்தல் வேண்டும்.