உயிரோடு இருந்தவனுக்கு ஓர் இரங்கல் பாட்டு

டேனி விட்டன் இறந்தது 1972 நவம்பர் 18-ஆம் தேதி. அவருடைய சாவுக்காகப் பாடியது என்று பலரும் சொல்லும் பாட்டு, மேடையில் பதிவானது 1971 ஜனவரி 30-ஆம் தேதி. நடுவில் ஏறக்குறைய 22 மாதம். பாட்டு முந்திவிட்டது, சாவு பிந்திவிட்டது. இந்தக் கணக்கு இடித்ததால்தான் நான் இதைத் தோண்ட ஆரம்பித்தேன்.

பாட்டின் பெயர் ‘தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்’. ஊசியும் அது செய்த நாசமும் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதிப் பாடியவர் கனடாக்காரரான நீல் யங். இரண்டே நிமிஷம்தான். ஒரு கிட்டார், ஒரு குரல், டிரம்ஸ் கிடையாது. ஹெராயினில் விழுந்துபோன சக கலைஞனைப் பற்றிய பாட்டு. அந்தக் கலைஞன் யார் என்பதில் சண்டையில்லை. யங்கோடு வாசித்த ‘கிரேஸி ஹார்ஸ்’ குழுவின் கிட்டார்காரர் டேனி விட்டன்தான். சண்டை தேதியில்.

பீளமேட்டில் ஒரு கல்லூரி விழாவில் ஒரு பையன் இதை அருமையாக வாசித்தான். போதை ஒழிப்பு நிகழ்ச்சி அது. கோவைப் பேப்பர்களைப் புரட்டுகிறவர்களுக்கு விழாவின் அவசரம் புரியும். கொஞ்ச வருஷமாகவே, வலி நிவாரணி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொண்ட பையன்கள், அதை விற்றுப் பிடிபட்டவர்கள் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. மில் ஊர், மோட்டார் ஊர், காலேஜ் ஊர் என்று பெயரெடுத்த கோவைக்கு இது புதுப் பெயர். தொகுத்து வழங்கிய பெண், “நண்பன் இறந்த துக்கத்தில் நீல் யங் எழுதிய பாடல்” என்று அறிவித்தாள். அவள் சொன்னதையேதான் பெரிய பெரிய இசை எழுத்தாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். பாட்டுகளுக்குத் தேதி பார்ப்பது என் பிழைப்பு என்பதால் எனக்கு மட்டும் உறுத்தியது.

முதல் சாட்சி இசைத்தட்டு. இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘ஹார்வெஸ்ட்’ வெளிவந்தது 1972 பிப்ரவரியில். ஆக, தட்டு கடைக்கு வந்தபோதே டேனிக்கு இன்னும் ஒன்பது மாத ஆயுள் பாக்கி. டவுன்ஹால் பக்கம் பழைய தட்டுகள் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ஒரு பிரதி கிடைத்தது. முன்பு காலிக் கேசட் வாங்கிப் பாட்டுப் பதிந்து கொடுத்த கடைக்காரர். மங்கலான கோதுமை நிற அட்டை, நடுவில் செம்பரிதி மாதிரி ஒரு வட்டம், அதற்குள் சுருள் சுருளாக எழுத்து. தட்டைச் சுழலவிட்டார். தொகுப்பின் மற்றப் பாட்டுகளில் பெரும்பாலானவை நாஷ்வில் ஸ்டுடியோவிலும், கலிஃபோர்னியாவில் யங்கின் பண்ணைக் கொட்டகையிலும் பதிவானவை. இரண்டு பாட்டுக்கு லண்டன் சிம்ஃபொனி இசைக்குழுவே வாசித்தது. இது மட்டும் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்து ராய்ஸ் ஹாலில் கூட்டத்துக்கு முன் பாடியது. கடைசித் தந்தி ஓய்ந்ததும் கைதட்டல் எழும்புகிறது. எழும்பி முடிவதற்குள் கத்தரி போட்டதுபோல் வெட்டி, அடுத்த பாட்டின் வாத்தியங்கள் வந்து விழுகின்றன. அந்த வெட்டைக் கேட்பதற்காகவே பெரியவரைத் திரும்பத் திரும்ப முள்ளைப் பின்னால் வைக்கச் சொன்னேன். கைதட்டலை முழுசாக அனுபவிக்க யாரையும் விடவில்லை. தெரிந்தே செய்த வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தேதிக் கதையைச் சொன்னதும் பெரியவர் கேட்டார்: “ஏனுங் தம்பி, எளவு உழுந்ததுக்கு அப்பறந்தானுங்க எளவுப்பாட்டு? ஆளு இருக்கைலயே பாடி வெச்சா அது சாபமாயிறாதுங்களா?”

ஆய்வாளர்கள் கேட்காத கேள்வி. நம் பக்கத்தில் ஒப்பாரிக்கு நேரம் உண்டு. பிணம் வாசலில் கிடக்க வேண்டும். உயிரோடு இருப்பவரைப் பார்த்து ஒப்பாரி இழுத்தால் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அடிப்பார்கள். ஆனால் முன்கூட்டி அழுவது நமக்கு அறவே தெரியாததும் அல்ல. உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதையில், கடைசிப் போருக்கு முன்னால் தங்கை அருக்காணி நல்லதங்காளுக்குக் கெட்ட கனவு வருகிறது. போகாதே என்று தடுக்கிறாள். அண்ணன்கள் பொன்னரும் சங்கரும் போகத்தான் போகிறார்கள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கிய மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965-இல் இந்தக் கதையை ஒலிநாடாவில் பிடித்துவைத்தார். கொங்குக் குடியானவர் சமூகத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் வான்கூவரில் அச்சானது, ‘ஹார்வெஸ்ட்’ வந்த அதே 1972-இல். இந்த ஒற்றுமைக்கு ஓர் அர்த்தமும் இல்லை. தேதி பார்க்கிறவன் கண்ணில் இப்படி ஏதாவது படும்.

அடுத்த சாட்சி டொரன்டோவிலிருந்து. 1971 ஜனவரி 19 அன்று, ராய்ஸ் ஹாலுக்குப் பதினோரு நாள் முன்பு, மாசி ஹாலில் யங் தனியாகப் பாடினார். அந்த நாடா 2007-இல்தான் வெளியானது. பாட்டுக்கு முன்னால் அவர் பேசும் சில வாக்கியங்கள் அதில் இருக்கின்றன. கனடாவை விட்டுப் போனபிறகு அருமையான கலைஞர்கள் பலரைப் பார்த்தேன், உலகம் அவர்களைப் பார்க்கவே இல்லை, அதற்கு ஹெராயின்தான் காரணம் என்பது அந்தப் பேச்சின் சாரம். ஒருவரின் பெயரையும் சொல்லவில்லை. இறந்த நண்பனுக்கு அஞ்சலி என்றும் சொல்லவில்லை. 1977-இல் வந்த ‘டிகேட்’ தொகுப்பில் தன் கையெழுத்திலேயே எழுதிய குறிப்பிலும் அதே பேச்சுதான்: நான் போதகன் இல்லை, ஆனால் போதை எத்தனையோ பெரிய ஆட்களைக் கொன்றிருக்கிறது என்கிறார். சாவுக்கு ஐந்து வருஷம் கழித்து எழுதியது அது. அப்போதும் இது டேனி செத்தபிறகு எழுதிய பாட்டு என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. நாம்தான் அவர் சார்பில் கொண்டாடிவிட்டோம்.

மூன்றாவது சாட்சி தொலைக்காட்சி. 1971 பிப்ரவரி 17 அன்று அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பான ஜானி கேஷ் நிகழ்ச்சியில் யங் இதே பாட்டைப் பாடினார். கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து எடுத்த நிகழ்ச்சி. ஜானி கேஷே மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து எழுந்தவர். அன்றைய இன்னொரு விருந்தாளி ஜேம்ஸ் டெய்லர். அவரும் ஹெராயினோடு மல்லுக்கட்டியவர். அவரும் ஒரு தோழியைப் பறிகொடுத்துப் பாடியவர். அவருடைய ‘ஃபயர் அண்ட் ரெய்ன்’ பாட்டின் சூசன் தற்கொலை செய்துகொண்டாள். ஆனால் விமான விபத்தில் செத்தாள் என்று ஜனங்கள் வருஷக்கணக்காக நம்பினார்கள். பாட்டில் பறக்கும் இயந்திரங்கள் என்று வருவது, உடைந்துபோன அவருடைய பழைய இசைக்குழுவின் பெயர். இரங்கல் பாட்டுகளுக்கு இப்படி ஒரு ராசி: கேட்கிறவர்கள் தங்களுக்குத் தோதான ஒரு மரணத்தைத் தைத்துவிடுவார்கள். இந்த நிகழ்ச்சிக்காக நாஷ்வில் வந்த இடத்தில் யங், டெய்லரையும் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டையும் ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’, ‘ஓல்ட் மேன்’ இரண்டிலும் பாடவைத்தார். ‘ஹார்வெஸ்ட்’ அந்த வருஷம் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற தட்டானது.

இனி டேனி பக்கம். 1943-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். ‘தி ராக்கெட்ஸ்’ என்று ஒரு குழு வைத்திருந்தார். அதிலிருந்து மூன்று பேரைப் பிரித்தெடுத்து யங் தனக்குப் பின்னணிக் குழுவாக்கி, கிரேஸி ஹார்ஸ் என்று பெயர் வைத்தார். 1969-இல் வந்த ‘சின்னமன் கேர்ள்’ பாட்டில் யங்கோடு சேர்ந்து ஒலிக்கிறதே, அந்தக் குரல் டேனியுடையது. 1970-க்குள் ஹெராயின் அவரைப் பிடித்துவிட்டது. அதனாலேயே ‘ஆஃப்டர் தி கோல்ட் ரஷ்’ தட்டு வேலையின் பாதியில் யங் குழுவையே நிறுத்தினார். பிறகு கிரேஸி ஹார்ஸ்காரர்களே டேனியைக் கழற்றிவிட்டார்கள். ஆகவே 1971 தொடக்கத்தில் யங் ‘நாசம்’ என்று பாடியபோது, அவர் கண்டிருந்தது சாவை அல்ல. கூட வாசித்தவன் கை கிட்டாரில் நிற்காமல் போனதை.

1972 இலையுதிர் காலத்தில் பெரிய சுற்றுப்பயணம் ஒன்றுக்கு யங் ஏற்பாடு செய்தார். டேனி தேறிவிட்டார் என்று நினைத்துப் பண்ணைக்கு ஒத்திகைக்கு அழைத்தார். ஒரு நிமிஷம் இதை யோசித்துப் பாருங்கள். தன்னைப் பற்றிய பாட்டு ஏறிய தட்டு வருஷத்தின் பெரிய வெற்றி. அந்த வெற்றியை ஊர் ஊராகக் கொண்டுபோகும் பயணத்துக்கு வாசிக்க அந்த ஆளே வந்து நிற்கிறார். வாசிக்க முடியவில்லை. பாட்டு எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. நவம்பர் 18 அன்று யங் 50 டாலரும் லாஸ் ஏஞ்சலசுக்கு விமான டிக்கெட்டும் கொடுத்து அனுப்பிவைத்தார். அன்று இரவே சாவுச் செய்தி சொல்லித் தொலைபேசி வந்தது. 1975-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகைக்காக கேமரன் குரோவிடம் யங்கே இதைச் சொல்லியிருக்கிறார்.

இங்கே இன்னொரு முடிச்சு. அந்த 50 டாலரில் ஹெராயின் வாங்கி ஏற்றிக்கொண்டு செத்தார் என்பது ஊர்க் கதை. அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இப்போது காணப்படும் காரணம் வேறு: முழங்கால் மூட்டுவாதத்துக்கு எடுத்த வேலியம் மாத்திரையும், ஹெராயினை விடுவதற்காகப் பிடித்துக்கொண்ட மதுவும் சேர்ந்து கொன்றன. பாட்டு ஊசியைச் சொல்கிறது. ஆளை முடித்தது மாத்திரையும் குடியும். கோவைச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தேவையில்லை. வலிக்கு டாக்டர் எழுதும் மாத்திரைக்கும் போதைக்கும் நடுவில் பெரிய மதில் எதுவும் கிடையாது.

சாவுக்குப் பிறகு யங் என்ன பாடினார்? டேனி இறந்த மறுநாளே ‘டோன்ட் பி டினைட்’ என்ற பாட்டை எழுதினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆவலாக எடுத்துக் கேட்டேன். அதில் டேனி இல்லை! கனடாவில் கழிந்த பிள்ளைப் பருவம், பிரிந்துபோன அப்பா அம்மா, பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி, அமெரிக்காவுக்கு வந்து பணம் பார்த்த கதை, இதுதான் இருக்கிறது. துக்கம் வந்தால் மனுஷன் தன் கதையைப் பேச ஆரம்பிப்பதை எந்த எழவு வீட்டிலும் பார்க்கலாம். அதனால் எனக்கு ஏமாற்றம் இல்லை.

உண்மையான இழவுத் தட்டு பிறகு வந்தது. 1973 ஜூனில் புரூஸ் பெர்ரி செத்தார். மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொண்ட ஆள், இவரையும் ஹெராயின் எடுத்துக்கொண்டது. அவருடைய அண்ணனின் இசைக்கருவி வாடகைக் கிட்டங்கியில் உட்கார்ந்து, குடித்துக்கொண்டே, சுருதி பிசகினாலும் திருத்தாமல் யங்கும் கூட்டாளிகளும் ‘டுநைட்ஸ் தி நைட்’ பதிந்தார்கள். தட்டு வெளிவந்தது 1975-இல். அதன் முதல் பாட்டு புரூஸ் பெர்ரியை ஊர்பேரோடு நினைவுகூர்கிறது. ‘நீடில்’ பாட்டில் பெயரே இல்லாததையும், இதில் பெயர் சொல்லியே பாடுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். இருக்கிறவன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. போனவன் பெயரைச் சொல்லத் தடையில்லை.

பாட்டை ஏன் சாவுக்குப் பின்னால் நகர்த்திவைத்தோம் என்பதற்கு எனக்கு ஓர் அனுமானம் உண்டு. செத்தவனுக்குப் பாடினால் அது அஞ்சலி. கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போகலாம். உயிரோடிருக்கும் நண்பனைப் பற்றி நாடு பார்க்கும் டிவியில் பாடினால் அது வேறு சமாச்சாரம். பாடியவர் உட்பட யாரும் அவனைக் காப்பாற்றவில்லை என்பது பாட்டோடு சேர்ந்தே வரும். கேசட் கடைப் பெரியவர் சாபம் என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

டேனி எழுதிய ஒரு பாட்டு உலகம் சுற்றியது. ‘ஐ டோன்ட் வான்ட் டு டாக் அபவுட் இட்’ என்று சொன்னால் பலர் ராட் ஸ்டூவர்ட் பாட்டு என்பார்கள். ஸ்டூவர்ட் 1975-இல் பாடினார், 1977-இல் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. மூலம் கிரேஸி ஹார்ஸின் 1971 தட்டில், டேனியின் குரலில் இருக்கிறது.

அந்தத் தட்டிலேயே ‘டவுன்டவுன்’ என்று இன்னொரு பாட்டு. ராத்திரியில் டவுனுக்குப் போய்ச் சரக்கு வாங்குவதைப் பற்றியது. துள்ளலான தாளம், பாடுவது டேனியே. 1970 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் மேடையில் அவர் இதைப் பாடிய பதிவைத்தான், அவர் இறந்தபின் யங் எடுத்து ‘டுநைட்ஸ் தி நைட்’டில் சேர்த்தார். கிரேஸி ஹார்ஸ் தட்டு எப்போது வெளியானது என்று பார்த்தேன். 1971 பிப்ரவரி. யங் டிவியில் ஊசிப் பாட்டைப் பாடிய அதே மாதம், டேனியின் டவுன் பாட்டும் கடைக்கு வந்திருக்கிறது.