வீட்டு வரைபடங்கள்

வீடு கட்டுவதற்கு முன்பும் கட்டும்போதும் பயன்படும் அளவுப் படங்களின் தொகுப்பு. மனைப்படம், தளப்படம், முகப்புத் தோற்றம், வெட்டுத் தோற்றம், மையக்கோட்டுப் படம், கம்பி விவரப் படம், மின் படம், குழாய்ப் படம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றை ஒரே காலத்தில் யாரும் உண்டாக்கவில்லை. வீட்டைத் திட்டமிடுபவரும் கட்டுபவரும் வேறு வேறு ஆட்களாகப் பிரிந்தபோதும், புதிய பொருளோ புதிய வசதியோ வீட்டுக்குள் நுழைந்தபோதும் ஒவ்வொரு படமாகச் சேர்ந்தது. தளப்படத்தின் வயது நாலாயிரம் ஆண்டுக்கு மேல். கம்பிப் படத்துக்கு 150 ஆண்டுகூட ஆகவில்லை.

மண்ணிலும் கல்லிலும்

கட்டடத் தளப்படத்தின் மிகப் பழைய சான்றுகள் மெசொப்பொத்தேமியாவில் கிடைத்தவை. லகாஷ் நகரை கி.மு. 22ஆம் நூற்றாண்டில் ஆண்ட குடேயாவின் கற்சிலை ஒன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலை உடைந்துபோன அந்தச் சிலையின் மடியில் ஒரு பலகை; பலகையில் கோயில் மதிலின் தளப்படம்; பக்கத்தில் அளவுகோலும் எழுத்தாணியும். அரசன் தன்னைப் போர்வீரனாகக் காட்டாமல் கட்டுபவனாகக் காட்டிக்கொண்டான் என்பது கவனிக்கத் தக்கது. அதே நிலப்பகுதியில், ஈரக் களிமண்ணில் கீறிக் காயவைத்த வீட்டுத் தளப்படங்களும் கிடைத்திருக்கின்றன. சுவருக்கு இரட்டைக் கோடு, வாசலுக்கு இடைவெளி என்ற முறை அப்போதே வந்துவிட்டது. இன்றும் அப்படித்தான் வரைகிறோம்.

ரோமில் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில், கி.பி. 203-211க்கு இடையில், நகரம் முழுவதையும் சுமார் 1:240 அளவில் சலவைக்கல்லில் செதுக்கிச் சுவரில் பதித்தார்கள். கோயில்களோடு சாதாரண வீடுகளும் கடைகளும் அறை அறையாக அதில் இருந்தன. ஆனால் அது கட்டி முடிந்த நகரத்தின் பதிவு. கட்டுவதற்கான படங்களை அந்தக் காலத்தில் பெரும்பாலும் கட்டுமிடத்திலேயே கீறினார்கள். துருக்கியின் டிடிமாவில் உள்ள அப்பல்லோ கோயில் சுவர்களில் தூண்களின் அளவுக்கோடுகளை ஆய்வாளர் லோதர் ஹசெல்பெர்கர் 1979இல் கண்டார். மத்தியப் பிரதேசத்தின் போஜ்பூரில், முற்றுப்பெறாத 11ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயிலைச் சுற்றியுள்ள பாறைகளிலும் தளப்படங்களும் தூண், விமான உறுப்புகளின் படங்களும் கீறப்பட்டிருக்கின்றன. சிற்பி பாறையைப் பார்த்துக் கல்லை வெட்டினார். படத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய தேவை இல்லை.

கயிறும் கோலும்

தமிழகத்தில் மனை வகுக்கும் முறைக்குப் பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை நல்ல சான்று. நண்பகலில் நட்ட கோலின் நிழலைக் கொண்டு திசை குறித்து, நூல் அறிந்தவர்கள் கயிறு பிடித்து அரண்மனைக்கு இடம் வகுத்ததை அது சொல்கிறது. இங்கே படம் தரையிலேயே, முழு அளவில் விழுகிறது. சோழர் காலத் தமிழகத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் மயமதம் என்ற வடமொழிச் சிற்பநூல், மனையை 64 அல்லது 81 கட்டங்களாகப் பிரித்து எது எங்கே அமைய வேண்டும் என்று விதிக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காக புருனோ தாஜான் அதைப் பதிப்பித்தார். கட்டத்தை வரைபடம் என்பதைவிட, வரைபடத்தின் வேலையைச் செய்த விதி என்பதே பொருந்தும். மனையடி சாஸ்திர நூல்கள் இதைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தன. எத்தனை அடி அறைக்கு என்ன பலன் என்ற பட்டியல் இன்றும் பஞ்சாங்கத்தோடு சேர்ந்து விற்கிறது.

தாளில் வரையாமலே இங்கே பெரிய வீடுகள் எழுந்ததற்குக் காரணம் தெளிவானது. ஸ்தபதியோ தலைமைக் கொத்தனாரோ அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை இடத்திலேயே நின்றார். வீட்டின் அமைப்பும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: திண்ணை, ரேழி, முற்றம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், பின்னால் சமையற்கட்டு. ‘இன்னார் வீடு மாதிரி, ஒரு பத்தி கூட’ என்று சொன்னாலே போதுமானதாக இருந்தது. இதை அறியாமை என்று சொல்வது தவறு. படம் வேண்டியிராத அளவுக்கு அறிவு ஊரில் பரவியிருந்தது.

மூன்று தோற்றங்கள்

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், பேரரசர் அகஸ்டஸுக்குக் காணிக்கையாக்கிய நூலில் வரைபடத்தை மூன்றாகப் பிரித்தார்: தரையில் விழும் அமைப்பு, நிமிர்ந்து நிற்கும் முகப்பு, கண்ணுக்குத் தெரிவதுபோன்ற காட்சி. வெட்டுத் தோற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பட்டு, சுவிட்சர்லாந்தின் சங்ட் காலன் மடத்தில் இன்றுமுள்ள தோல் வரைபடமும் தளப்படம் மட்டுமே. ஐந்து தோல்களைச் சேர்த்துத் தைத்து, ஒரு மடத்தின் கட்டடங்கள் அத்தனையையும் அதில் சிவப்புக் கோட்டில் வரைந்தார்கள்.

பெரிய மாற்றம் இத்தாலியில் நடந்தது. கட்டடக் கலைஞர் ஆல்பர்ட்டியின் கட்டடக்கலை நூல் 1485இல் அச்சேறியது. ஓவியர் நிழலும் ஆழமும் காட்டலாம், கட்டடம் வரைபவர் உண்மையான அளவையே காட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் படத்தில் அளவுகோல் வைக்க முடியாதல்லவா? ஓவியர் ரஃபேல் 1519 வாக்கில் போப் பத்தாம் லியோவுக்கு எழுதிய கடிதத்தில் தளம், வெளிமுகம், உள்முகம் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டார். கட்டடத்தை நடுவில் பிளந்து உள்ளே பார்க்கும் வெட்டுத் தோற்றம் இப்படித்தான் தன் இடத்தைப் பெற்றது.

வீட்டுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ. 1570இல் வெனிசில் வெளியான அவருடைய நான்கு நூல்களில் வீடுகளின் தளப்படமும் முகப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொரு அறைக்குள்ளும் அதன் அளவு எண்ணாக இருக்கிறது. இங்கிலாந்தின் இனிகோ ஜோன்ஸும் அமெரிக்காவின் தாமஸ் ஜெபர்சனும் அந்தப் பக்கங்களைப் படித்தே கட்டினார்கள். பல்லாடியோவை ஜெபர்சன் பார்த்ததில்லை, அவர் கட்டிய இடங்களுக்கும் போனதில்லை. படம் மட்டும் கடல் தாண்டியது. பின்னர் பிரான்சின் காஸ்பார் மோன்ஜ், ஒரே பொருளின் மேல்தோற்றத்தையும் முன்தோற்றத்தையும் கணித முறைப்படி இணைக்கும் வடிவியலை உருவாக்கினார். கோட்டைகள் கட்டப் பயன்பட்டதால் அதை நெடுநாள் இராணுவ ரகசியமாக வைத்திருந்தார்கள். 1795இல்தான் பாரிஸில் வெளிப்படையாகக் கற்பித்தார்கள்.

நீலப் பிரதிகள்

ஒரு படத்தைப் பத்துப் பேருக்குத் தர வேண்டுமென்றால் பத்து முறை கையால் வரைய வேண்டியிருந்தது. வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த நீலப்படிவ முறை அதை மாற்றியது. இரும்பு உப்புகள் பூசிய தாளின்மேல் டிரேசிங் தாளை வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலசினால் தாள் நீலமாகும். கோடு விழுந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இது கட்டட அலுவலகங்களில் பரவியது. கொத்தனாருக்கு ஒன்று, தச்சருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று கொடுக்க முடிந்ததால் ஆளுக்கேற்ற தனிப்படங்களும் பெருகின. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை விலைப்பட்டியல் வழியே வீடுகளையே விற்றது. மரமும் ஆணியும் ரயிலில் வந்தன, கூடவே படங்களும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நீலப்படிவத்தின் இடத்தை அமோனியா பிரிண்ட் பிடித்தது.

தமிழ்நாட்டில்

சென்னையில் 1794இல் தொடங்கிய அளவைப் பள்ளி 1859இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் முன்னோடியான பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அளவெடுக்கவும் வரையவும் தெரிந்தவர்கள் அங்கிருந்து அரசு வேலைகளுக்குப் போனார்கள். ஆனால் சாதாரண வீட்டுக்குள் வரைபடத்தைக் கொண்டுவந்தது சட்டம். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், வீடு கட்ட அனுமதி கேட்பவர் மனைப்படத்தோடு தளப்படம், முகப்புத் தோற்றம், வெட்டுத் தோற்றம், வேலை விவரக் குறிப்பு ஆகியவற்றையும் தர வேண்டும் என்றது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபின் அதற்கான தொட்டியும் குழாயும் படத்தில் ஏறின. ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் நடைமுறைக்கு வந்தன. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம்.

அனுமதிப் படத்துக்கென்று நிற மரபு உண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி மனை எல்லைக்குத் தடித்த கறுப்புக் கோடு, ஏற்கெனவே உள்ள தெருவுக்குப் பச்சை, புதிதாகக் கட்டப்போவதற்குச் சிவப்பு, இடிக்கப்போவதற்கு மஞ்சள் சாய்கோடு, கழிவுநீர்க் குழாய்க்குச் சிவப்புப் புள்ளிக்கோடு. நில அளவைத் துறையின் புல வரைபடத்தோடு மனைப்படத்தின் பக்க அளவுகள் ஒத்துப்போக வேண்டும். பத்திரத்தில் 40 அடி என்றும் புல வரைபடத்தில் அதைவிடக் குறைவாகவும் இருந்தால் பக்கத்தில் விட வேண்டிய இடம் அடிபடும். இதை அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டிய பிறகு பார்ப்பவர்களே அதிகம்.

இங்கே நிலவும் பெரிய குறை, அனுமதிக்காக வரைந்த படத்தையே மேஸ்திரியின் கையில் கொடுத்துக் கட்டச் சொல்வது. அந்தப் படம் உள்ளாட்சி அலுவலகத்தின் கேள்விகளுக்கான பதில்: எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, எவ்வளவு உயரம், எத்தனை சதுர அடி. சுவர் எந்த மையக்கோட்டில் நிற்கும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், கம்பி எத்தனை என்பதெல்லாம் அதில் கிடையாது. கட்டுவதற்கு வேலைப்படம் தனியாக வேண்டும். அதற்கான கட்டணத்தைச் சேமிக்கிறவர் பிறகு சுவரை இடித்துக் கட்டுவதில் அதைவிட அதிகமாக இழக்கிறார்.

ஒவ்வொரு படமும் சொல்வது

தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் வீட்டைக் கிடையாக அறுத்து மேலிருந்து பார்ப்பதே தளப்படம். சன்னல்கள் அதில் வெட்டுப்படுவது அதனால்தான். மையக்கோட்டுப் படம் தூண்களின் நடுப்புள்ளிகளை மட்டும் காட்டும். மனையில் நூல் கட்டிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவது இதைப் பார்த்துத்தான். மூலை நேராக இருக்கிறதா என்று அறிய ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார்கள்.

வெட்டுத் தோற்றத்தைத்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் புறக்கணிக்கிறார்கள். ஆனால் படிக்கட்டு அதில்தான் புரியும். தளத்துக்குத் தளம் 10 அடி உயரம் என்று கொள்வோம். ஒரு படி 6 அங்குலம் என்றால் 20 படிகள். பாதியில் திரும்பும் படிக்கட்டில் பத்தாவது படியில், அதாவது 5 அடி உயரத்தில் இடைமேடை வரும். மேடையின் தடிமன் போக அடியில் நாலரை அடிதான் மிச்சம். அந்த இடத்தில் தளப்படம் ஒரு கழிவறையை அழகாகக் காட்டும். கதவும் இருக்கும், அளவும் சரியாக இருக்கும், ஆனால் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. முதல் ஏற்றத்தில் 14 படி வைத்தால் மேடை 7 அடிக்கு உயரும். படி ஒவ்வொன்றும் 10 அங்குல அகலம் என்றால் அந்த ஏற்றத்துக்கு 10 அடி 10 அங்குல நீளம் வேண்டும். அந்த நீளம் கூடத்திலிருந்து போகுமா, சமையலறையிலிருந்து போகுமா என்பதைத் தாளில் முடிவு செய்தால் செலவு ஒன்றுமில்லை. அதனாலேயே வெட்டுக்கோட்டைப் படிக்கட்டின் வழியாகவும் குளியலறையின் வழியாகவும் எடுக்க வேண்டும். வெறும் படுக்கையறை வழியாக எடுத்த வெட்டுத் தோற்றத்தால் பெரிதாகப் பயனில்லை.

கம்பிப் படம் கான்கிரீட்டோடு பிறந்தது. பிரான்சின் பிரான்சுவா ஹென்பிக் 1892இல் தன் இரும்புக் கான்கிரீட் முறைக்குக் காப்புரிமை பெற்றார். செங்கல் சுவரைக் கட்டியபின்னும் பார்த்துச் சரிபார்க்கலாம். கான்கிரீட்டுக்குள் போன கம்பியைப் பார்க்க முடியாது. ஆகவே எந்தக் கம்பி, எத்தனை, எங்கே வளைகிறது என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் கான்கிரீட்டுக்கான தரநெறி ஐ.எஸ். 456, 1953இல் வெளிவந்தது. சன்ஷேடு போலச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் முதன்மைக் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் இழுவிசை அங்கேதான். பழக்கத்தில் கம்பியை அடியில் போட்டுவிட்டால் முட்டு எடுத்ததும் பலகை விழும். இந்த ஒரு விவரம் படத்தில் இருப்பது ஓர் உயிரைக் காப்பது.

மின் படமும் குழாய்ப் படமும் மேல்தளக் கான்கிரீட்டுக்கு முன்பே தயாராக வேண்டும். மின்விசிறிப் பெட்டியும் மின்குழாயும் கம்பியோடு சேர்ந்து புதைபவை. கதவுக்குப் பின்னால் சுவிட்சுப் பெட்டி போய் ஒளிந்துகொள்வது, கதவு திறக்கும் பக்கத்தை மின் படத்தில் பார்க்காததன் விளைவு.

கணினிக்குப் பின்

கணினியை நாடாமலேயே வரைந்தவர்களும் உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1945இல் இந்தியா வந்து, பின்னாளில் திருவனந்தபுரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளைக் கட்டினார். பயன்படுத்திய தாள்களின் பின்புறத்தில் அவர் படம் வரைந்தார், மீதியை இடத்தில் நின்று தீர்மானித்தார். அது பழைய ஸ்தபதி முறையின் தொடர்ச்சி. நாள்தோறும் இடத்தில் இருப்பவருக்கு மட்டுமே பலிக்கும்.

மற்றவர்களின் மேசைக்குக் கணினி வந்தது. ஐவன் சதர்லண்ட் 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினித் திரையில் வரையும் முதல் முறைகளில் ஒன்றைச் செய்துகாட்டினார். ஆட்டோகேட் 1982இல் வந்தது. டி-ஸ்கொயரும் ரோட்ரிங் பேனாவும் வரைவாளர் மேசையிலிருந்து மெல்ல மறைந்தன. 2000இல் வெளியான ரெவிட் போன்ற மென்பொருள்களில் வீட்டை முப்பரிமாணத்தில் ஒருமுறை அமைத்தால் தளப்படமும் வெட்டுத் தோற்றமும் அதிலிருந்தே கிடைக்கின்றன. ஒன்றில் சன்னலை நகர்த்தினால் மற்றவற்றிலும் நகரும். இங்கே பலர் முதலில் கேட்பது வண்ண முகப்புப் படத்தை. அது ஆசையைக் காட்டும், அளவைக் காட்டாது. ஆல்பர்ட்டி எச்சரித்ததும் இதைத்தான்.

தொகுப்பின் கடைசிப் படம் கட்டி முடித்தபின் வரையும் இறுதிநிலைப் படம். வேலைப்படத்திலிருந்து மாறிய இடங்கள், குழாய் உண்மையில் ஓடும் பாதை, தொட்டியின் ஆழம் எல்லாம் அதில் பதிய வேண்டும். பெரிய கட்டடங்களில் இது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. தனி வீடுகளில் மிக அரிது. அதற்கு ஈடாக, சுவரைப் பூசி மூடும் முன்பு குழாய்களின்மேல் அளவுநாடாவை விரித்து வைத்து, மூலையிலிருந்து தூரம் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்திருக்கிறது. அதே அளவுகளைத் தளப்படத்தின் ஒரு பிரதியில் சிவப்பு மையால் எழுதி, பட்டாவும் அனுமதி ஆணையும் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிட்டால் அதுவே அந்த வீட்டின் இறுதிநிலைப் படம்.