டீசல் எஞ்சினில் எரிபொருள் பீய்ச்சும் நேரம்

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் அழுத்திச் சூடேற்றிய காற்றுக்குள் நாசில் டீசலைப் பீய்ச்ச, அது தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆனால் பீய்ச்சிய கணத்திலேயே பற்றுவதில்லை. துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலந்து தீப்பிடிப்பதற்குள் ஒரு காத்திருப்பு உண்டு. அதைப் பற்றல் தாமதம் என்பார்கள். பீய்ச்சும் நேரத்தின் விளைவுகளில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தின் வழியாகவே வருகிறது என்பதற்கு, நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் பரவலாக உள்ள கிர்லோஸ்கர் டிவி1 எஞ்சின் நல்ல சான்று. ஒற்றை சிலிண்டர், அமுக்க விகிதம் 17.5, நிமிடத்துக்கு 1500 சுற்று. டைமிங், பிஸ்டன் உச்சியைத் தொட 23 பாகை முன்பு. இந்த வேகத்தில் 23 பாகை என்பது சுமார் இரண்டரை மில்லிநொடிதான். தாமதம் ஒரு மில்லிநொடி என்றால் 9 பாகை அதிலேயே கழிந்துவிடும். அந்த 23-கூட நாசில் திறக்கும் இடமல்ல. எரிபொருள் பம்பின் மேல் குழாயைக் கழற்றி, டெலிவரி வால்வை எடுத்துவிட்டு, ஃபிளைவீலை மெல்லச் சுற்றும்போது சொட்டிக்கொண்டிருக்கும் டீசல் எங்கே நிற்கிறதோ அந்த இடம் அது. குழாயில் அழுத்தம் ஏறி நாசில் ஊசி எழுவது அதற்குப் பிறகுதான்.

பம்புக்கு அடியில் உள்ள ஷிம் என்ற மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்தால் டைமிங் முந்தும். அப்போது காற்று இன்னும் போதிய சூடடையாததால் தாமதம் நீள்கிறது. அதற்குள் சேர்ந்த டீசல் மொத்தமும் ஒரே வீச்சில் எரிகிறது. அழுத்தம் திடீரென எகிறி எஞ்சின் தட்டுகிறது, வெப்பம் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகுகின்றன. ஷிம் சேர்த்துப் பிந்த வைத்தால் அந்த வாயுக்கள் குறையும். ஆனால் எரிதல் பிஸ்டன் இறங்கும் பாதையில் இழுபட்டு, வெப்பம் வேலை செய்யாமல் சைலன்சர் வழியே போகும், புகையும் டீசல் செலவும் ஏறும். முந்த வைத்தால் இழுவை கூடும் என்ற பட்டறை நம்பிக்கை ஓர் எல்லைவரை சரியே. உச்ச அழுத்தம் பிஸ்டன் உச்சியைக் கடந்து பத்துப் பதினைந்து பாகையில் விழும்வரைதான் அது லாபம். அதற்கும் முந்தினால் மேலேறும் பிஸ்டனையே அழுத்தம் எதிர்க்கும்.

கம்பெனி குறித்த எண் இருக்க இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். அந்த எண் ஒரு வேகத்துக்கும் ஓர் எரிபொருளுக்கும் உரியது. புங்க எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் டீசலைவிடக் குறைவாகவே அமுங்கும். ஆகவே பம்பைத் தொடாமலேயே நாசில் சற்று முன்னதாகத் திறக்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் மாசு முழுவதையும் எரிபொருளின் தலையில் கட்டுவது நியாயமில்லை. மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் காமன் ரெயில் எஞ்சின்களில் எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்கிறது என்பதும் பாதி உண்மைதான். அங்கே முதலில் சிறு அளவு டீசலைத் தூவி எரியவிட்டு, முக்கியப் பீய்ச்சலின் தாமதத்தைச் சுருக்குகிறார்கள். மெக்கானிக் ஷிம்மால் தேடியதும் இதே தாமதத்தின் மீதான பிடியைத்தான். ஆனால் மாசும் டீசல் செலவும் எதிரெதிராக இழுப்பது அங்கும் நீங்கவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 விதிகளுக்காக லாரி, பஸ்களில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் யூரியாக் கரைசலுக்கான தொட்டி பரவலானதும் அதனால்தான்.