காம்பார் பாலோங்குக்கு ஓர் இரங்கல்

காம்பாரில் இப்போது உயரமாக நிற்பது எது என்று கேட்டால், மாணவர்கள் தங்கும் அடுக்குமாடிகளைக் காட்டுவார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், லம்பத்து வெளியில், அதாவது ஈயச் சுரங்க நிலத்தில், மரக்கால்களின் மேல் சாய்ந்து நின்ற பாலோங்கைக் காட்டியிருப்பார்கள். அது செத்து ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. இரங்கல் இவ்வளவு தாமதமாக வருவானேன் என்றால், சாவு விழுந்த நேரத்தில் யாருக்கும் அழ நேரமில்லை. வேலை போன கவலை முன்னால் நின்றது.

பாலோங்கைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பெரிய குழிக்குள் மானிட்டர் என்ற குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி மண்சுவரைக் கரைப்பார்கள். கரைந்த சேறு குழியின் அடியில் தேங்கும். பம்பு அதை உறிஞ்சி மேலே தள்ளும். பலகையும் மரக்கம்பமுமாகக் கட்டிய உயர்ந்த சாரத்தின் தலைக்கு. அங்கிருந்து சேறு நீளமான மரவாய்க்காலில் சரிந்து ஓடும். இந்தச் சாரமும் வாய்க்காலும்தான் பாலோங். குறுக்கே அடித்த கட்டைகளில் ஈயம் தங்கிவிடும், மணல் வழிந்து போய்விடும். அரிசியில் கல் அரிக்கும் பாட்டியின் கணக்குதான் இது. ஈயத்தாது தண்ணீரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். மணல் இரண்டரை மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கழிவு மணல் மேடாக மேடாக, வழிந்தோட இடம் வேண்டுமென்று சாரத்தையும் உயர்த்துவார்கள். மண்ணில் ஈயம் தீர்ந்தால் பாலோங்குக்கு அங்கே வேலையில்லை. நூறு வருடம் நிற்க வேண்டும் என்று அதைக் கட்டியவர் எவரும் நினைத்ததில்லை.

பாலோங் லம்பங்கள் பெரும்பாலும் சீன முதலாளிகளுடையவை. வேலையாட்களிலும் சீனர்களே அதிகம். மலாய்க்காரர்களையும் நம்மவர்களையும் கூடுதலாகப் பார்க்க வேண்டுமென்றால் குளத்தில் மிதந்தபடி ஈயம் வாரும் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் ஈயக்கப்பல்களுக்குத்தான் போக வேண்டும். தோட்டத்துத் தமிழர்களுக்குப் பாலோங் என்பது பால்மரங்கள் முடிகிற இடத்தில், வெட்டவெளியில், எட்டத்தில் தெரிந்த ஓர் உருவம். எட்டத்துச் சொந்தமானாலும் சாவுக்குப் போய்த் தலைகாட்டிவிட்டு வருவது நம் வழக்கம்.

அந்த வெட்டவெளிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை ஜப்பானியப் படையை 11ஆவது இந்திய டிவிஷன் காம்பாரில் மறித்து நின்றது. இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம், கிழக்கே நாலாயிரம் அடிக்கு மேல் எழுந்து நிற்கும் புஜாங் மலாக்கா மலை. இன்னொரு காரணம், லம்பத்துக்காக மொட்டையடிக்கப்பட்ட நிலம். மறைப்பு இல்லாததால் பீரங்கிக்குக் குறி தெளிவாகத் தெரிந்தது. ஈயம் தோண்டியவர்கள் போருக்கென்று எதையும் செய்யவில்லை. மரத்தை வெட்டினார்கள், மண்ணைக் கழுவினார்கள், பார்வைக்கு வழி திறந்துவிட்டது.

சாவுக்கு நாள் குறித்தது லண்டன். 1985 அக்டோபர் 24 அன்று அனைத்துலக ஈய மன்றத்திடம் காசு தீர்ந்தது. விலை விழாமல் தாங்கிப் பிடிக்க வாங்கி வாங்கிக் குவித்த ஈயம், கடனாகத் தலைமேல் வந்து விழுந்தது. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரத்தை நிறுத்தினார்கள். கோலாலம்பூர் சந்தையும் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது பழைய விலை போன இடம் தெரியவில்லை. பாலோங்குகள் ஒவ்வொன்றாக நின்றன. நின்ற மரச்சாரத்துக்கு மலேசிய மழை எத்தனை வருடம் தவணை கொடுக்கும்?

ஆகவே அடுக்குமாடிகள்தான் பாலோங்கைக் கொன்றன என்று புலம்ப என்னால் முடியாது. அவை வந்தது பிறகு. 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் பழைய லம்ப நிலத்தில் காம்பார் வளாகத்தைத் திறந்தது. மாணவர்கள் வந்தார்கள், அவர்களுக்கு அறை வேண்டியிருந்தது, குளங்களின் ஓரமாகக் கட்டடங்கள் எழும்பின. ரயிலில் வருகிறவருக்கு முன்பு முழுதாகத் தெரிந்த புஜாங் மலாக்கா இப்போது சில இடங்களில் துண்டுதுண்டாகத் தெரிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் காலியாகிக்கொண்டிருந்த ஊருக்குக் கூட்டம் திரும்பியது அந்தப் பல்கலைக்கழகத்தால்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உயரத்துக்கு இந்த மண்ணில் விலையும் அதிகம். காம்பார் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. ஓரிடத்தில் கூராக எழும்பியிருக்கும், பக்கத்திலேயே குகையாகக் குழிந்திருக்கும். இதே தொல்லையால்தான் கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் கோபுரங்களையே முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் நகர்த்திக் கட்டினார்கள். பாலோங்குக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. மரத்தை நட்டார்கள், நின்றது.

பினாங்கு ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும், பாரம்பரிய வட்டாரத்தில் 18 மீட்டருக்கு மேல் எழும்ப இருந்த ஹோட்டல்களைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. அங்கே உயரத்தை அளக்க ஓர் அளவுகோல் இருந்தது, கேட்க ஆளும் இருந்தார்கள். காம்பாருக்கு அப்படி எந்தப் பட்டியலும் இல்லை. நம் நாட்டில் காக்கப்படுவது கல்லும் இரும்பும். 1938இல் கட்டிய 4,500 டன் எடையுள்ள ஈயக்கப்பல் தஞ்சோங் துவாலாங் சாலையோரம் நிற்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். பத்து காஜா பக்கம் ஒரு தோட்டத் துரை கட்டி முடிக்காமலே போய்ச் சேர்ந்த கெல்லி கோட்டைக்கும் டிக்கெட் உண்டு. வருடக்கணக்காக இரவும் பகலும் உழைத்த பாலோங்குக்குக் கிடைத்தது காம்பார் ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தில் ஓர் இடம். அதுவும் 2012இல், தனியார் முயற்சியில்.

செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேச வேண்டும் என்பார்கள். பாலோங் விஷயத்தில் அது பொய்யாகிவிடும். அது கக்கிய மணல் ஆறுகளை மேடாக்கி வெள்ளத்தைக் கூட்டியது. கீழே குழியில் மண்சுவர் சரிந்து ஆட்கள் புதைந்தார்கள். ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கனமான கறுப்பு மணலுக்கு அமாங் என்று பேர். அதிலுள்ள மோனசைட்டைத்தான் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை பதப்படுத்தியது. அதன் கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஊர் மக்கள் வழக்காடினார்கள், தெருவில் இறங்கினார்கள். 1994இல் ஆலை மூடப்பட்டது.

பாலோங் விட்டுச் சென்ற சொந்தங்கள்: புல்லும் யோசித்து முளைக்கும் வெள்ளை மணல்வெளிகள், மாலிம் நாவார் பக்கம் வாத்தும் மீனும் வளர்க்கும் குளங்கள், அந்நாளைய சம்பளக் கணக்கை வாய்ப்பாடாக ஒப்பிக்கும் சில கிழவர்கள். காம்பாரின் குளங்களுக்கு இப்போது ஏரி என்று பேர் மாறியிருக்கிறது. அடுக்குமாடியில் அந்தப் பக்கம் பார்த்த அறை என்றால் வாடகையைக் கொஞ்சம் கூட்டித்தான் கேட்கிறார்கள்.