ஸ்லாக் இணைப்புகள்

அலுவலக உரையாடல் தளமான ஸ்லாக்குக்கும் நிறுவனத்தின் பிற மென்பொருள்களுக்கும் இடையே தகவல் போய்வரச் செய்யும் ஏற்பாடுகள் ஸ்லாக் இணைப்புகள் எனப்படும். ஜிராவில் பதிவாகும் புகாரும் கிட்ஹப்பில் நடக்கும் நிரல் மாற்றமும் உரிய சேனலில், அதாவது ஸ்லாக்கின் உரையாடல் அறையில், செய்தியாக வந்து விழுவது இவற்றால்தான்.

'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டை உருவாக்கிய டைனி ஸ்பெக் நிறுவனம், தன் ஊழியர்கள் பேசிக்கொள்ள அமைத்த கருவியே ஸ்லாக் ஆனது. விளையாட்டு 2012இல் மூடப்பட்டது. ஸ்லாக் 2014 பிப்ரவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய இணைப்புகளைத் தரும் செயலிகளுக்கான தனிப் பட்டியல் பக்கம் 2015 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2021இல் ஸ்லாக் சேல்ஸ்ஃபோர்ஸ் வசமானது.

இணைப்புகளில் மிக எளியது உள்வரும் வெப்ஹுக். ஒரு சேனலுக்கென ஓர் இணைய முகவரியை ஸ்லாக் உருவாக்கித் தரும். அதற்கு ஜேசன் என்ற தரவு வடிவில் செய்தி அனுப்பினால் போதும். சர்வரில் டிஸ்க் நிரம்பப்போகிறது என்று எச்சரிக்க நாலைந்து வரி நிரலே தேவை. ஆனால் அந்த முகவரிக்கு வேறு பூட்டு கிடையாது. யார் கையில் சிக்கினாலும் அவர் அந்தச் சேனலில் செய்தி போடலாம். நிரலோடு சேர்த்து அந்த முகவரியையும் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் கவனக்குறைவு. கசிந்தால், பழையதை ரத்து செய்து புதிதாக எடுப்பது ஒன்றே வழி.

ஸ்லாக்கில் நடப்பதை வெளி மென்பொருளுக்குத் தெரிவிப்பது நிகழ்வு ஏபிஐ. நிகழ்வு வந்த 3 நொடிக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தரவேண்டும்; தவறினால் அதே நிகழ்வு மேலும் 3 முறை வரை அனுப்பப்படும். சேனலில் போடும் விடுப்புக் கோரிக்கையைப் பதிவேட்டில் ஏற்றும் மென்பொருள் மெதுவாக இயங்கினால், ஒரே விடுப்பு இரண்டு மூன்றாகப் பதிவாவது இப்படித்தான். முதலில் பதிலை அனுப்பிவிட்டுப் பிறகு வேலையைப் பார்ப்பதும், நிகழ்வின் அடையாள எண்ணைக் குறித்துவைத்து, திரும்ப வந்தால் ஒதுக்குவதும் இதற்கான தீர்வுகள். நிகழ்வுச் செய்தி உண்மையில் ஸ்லாக்கிலிருந்துதான் வந்ததா என்பதை அதனுடன் வரும் கையொப்பத்தைக் கொண்டு சரிபார்க்கலாம்.

செயலிக்கான அனுமதிகள் ஓஆத் 2.0 முறையில், செய்தி போட, கோப்பு பார்க்க என்று தனித்தனியே வழங்கப்படுகின்றன. செய்தி போட மட்டுமே வேண்டிய செயலி பழைய உரையாடல்களையெல்லாம் படிக்க அனுமதி கேட்டால், நிர்வாகி தயங்காமல் மறுப்பதே முறை. இலவசத் திட்டத்தில் அதிகபட்சம் 10 செயலிகளை இணைக்கலாம்.