சுன்-லி: பழி தீர்ந்த பின்னும் தொடரும் கதை

சண்டை வீடியோ கேம்களில் ஒரு சுற்று இரண்டு நிமிடம்கூட நீடிப்பதில்லை. அதனால் வென்றவர் பேசும் ஓரிரு வரிகளும் இறுதிக் காட்சியுமே பெரும்பாலும் கதையைச் சொல்கின்றன.

ஜப்பானின் கப்கொம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் அறிமுகமான சுன்-லி, சீனாவைச் சேர்ந்த இன்டர்போல் அதிகாரி. தந்தையைக் கொன்ற ஷாடலூ குழுவின் தலைவனைத் தேடியே களமிறங்குகிறார். வென்றதும் தந்தையின் கல்லறைக்குச் சென்று அதைச் சொல்கிறார். கதை அத்தோடு முடிந்திருக்கலாம்.

2023இல் வந்த ஆறாம் பாகத்தில் ஷாடலூ கலைந்துவிட்டது. சுன்-லி அயலவர்களுக்குக் குங்ஃபூ கற்பிக்கிறார். லீ-ஃபென் என்ற சிறுமியை வளர்க்கிறார். எதிரி வீழ்ந்தும் தந்தை திரும்பவில்லை. அந்த இழப்போடு இன்னொரு பிள்ளைக்குத் துணையாக நிற்பதே 32 ஆண்டுகளில் இப்பாத்திரம் கண்ட வளர்ச்சி.