காளானுக்கு விதை தேடிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி கலந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெங்களூரில் இருக்கும் என் தங்கை மகன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். பிளாஸ்டிக் பையின் கிழிசல் வழியாக வெள்ளை வெளேரென்று ஒரு பந்து, அதிலிருந்து நூல் நூலாகத் தொங்கும் முட்கள். “மாமா, இது லயன்ஸ் மேன் காளான். வீட்டிலேயே வளர்த்தேன். ஊருக்கு வந்து பெரிய அளவில் போடலாமா? கடன் வாங்கலாம் என்று இருக்கிறேன்” என்று கேட்டிருந்தான். வரலாற்று வாத்தியாரிடம் கடன் யோசனை கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். நான் அவனிடம் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: “இதற்கு விதை எங்கே வாங்கினாய்?”

அந்தக் கேள்வியைத்தான் மனிதர்கள் பல நூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஆளை அறிமுகம் செய்துவிடுகிறேன். சிங்கத்தின் பிடரி போல இருப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். சீனர்களுக்கு அது குரங்குத் தலை. ஜப்பானியர் யமபுஷிதாகே என்பார்கள். யமபுஷி என்றால் மலையில் தவம் செய்யும் துறவி. அவர்கள் மார்பில் அணியும் பட்டையில் பஞ்சுக் குஞ்சம் இருக்கும், அதுதான் உவமை. அறிவியல் பெயரான ஹெரிசியம் எரினேசியஸ் என்பதில் பின்பாதி, லத்தீனில் முள்ளெலியைக் குறிக்கும். ஆளுக்கு ஒரு மிருகம்! ஓக், பீச் போன்ற வன்மரங்கள் முதிர்ந்து சாகும் தறுவாயில் அவற்றின் காயங்களிலிருந்து முளைப்பது இதன் வழக்கம். காட்டில் அரிது. பிரிட்டனில் இதைக் காட்டிலிருந்து பறிப்பதே சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட ஒன்று பெங்களூர் அடுக்குமாடி வீட்டின் சமையலறைக்கு எப்படி வந்தது?

காளான் எப்படி முளைக்கிறது என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் “இடி இடித்தால் முளைக்கும்” என்பார்கள். மழை பெய்த மறுநாள் புற்றுக் காளான் பறிக்க ஓடிய கூட்டத்தில் உங்களில் பலரும் இருந்திருப்பீர்கள். அந்தக் காளானை இன்றுவரை மனிதன் தோட்டப் பயிராக்க முடியவில்லை. அதற்குக் கரையான்தான் விவசாயி. புற்றுக்குள் அதற்கென்று படுக்கை கட்டி வளர்க்கிறது. இந்த விஷயத்தில் நம்மைவிடப் பல லட்சம் ஆண்டு மூத்த சாதி அது.

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் சிங்யுவான், லாங்சுவான் மலைப்பகுதிகளில் ஷிடேக் காளானை வளர்த்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே எண்ணம்தான். மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள், கோடாரியால் அதில் கொத்து கொத்தாக வெட்டுவார்கள், பிறகு காத்திருப்பார்கள். காற்றில் வரும் ஏதோ ஒன்று அந்த வெட்டில் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. காளான் வரத் தாமதமானால் கட்டையைச் சுத்தியலால் தட்டி ‘எழுப்புவார்கள்’. 1209-ஆம் ஆண்டிலேயே லாங்சுவான் வட்டாரக் குறிப்பில் ஹே ஜான் என்பவர் இந்த முறையை 185 எழுத்துகளில் எழுதி வைத்துவிட்டார். இந்தத் தொழிலின் முன்னோடியாகச் சொல்லப்படும் ஊ சான்கோங் என்பவருக்கு சிங்யுவானில் கோயிலே இருக்கிறது. காரணம் தெரியாத இடத்தில் கோயில் வருவது இயல்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தட்டினால் முளைக்கிறது என்ற கவனிப்பு பொய்யில்லை. இழை நன்றாக ஊறிய கட்டைக்கு அதிர்ச்சி கொடுத்தால் காளான் எழும் என்பதை இன்றைய வளர்ப்பாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். பாட்டியின் இடியும் அவ்வளவு தப்பில்லை போலிருக்கிறது.

ஐரோப்பாவில் பாரிஸைச் சுற்றி 17-ஆம் நூற்றாண்டில் குதிரைச் சாணத்தில் மொட்டுக் காளான் வளர்த்தார்கள். 1707-இல் தூர்னஃபோர் என்ற தாவரவியல் அறிஞர், சாணத்தில் தெரியும் வெள்ளை நூல்களே காளானாக வளர்கின்றன என்று பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். 1729-இல் ஃபிளாரன்ஸ் நகரத்து மிக்கேலி, பூசணத்தின் தூளை எடுத்து முலாம்பழத் துண்டில் தூவி, அதே பூசணம் மறுபடி முளைப்பதைக் காட்டினார். ஆக, காளானுக்கும் விதை உண்டு. கண்ணுக்குத் தெரியாத தூளாக இருக்கிறது, அவ்வளவுதான். பலர் இதை ஏற்கவில்லை. அழுகலிலிருந்து உயிர் தானாகவே தோன்றும் என்ற நம்பிக்கை அப்போது அவ்வளவு பலமாக இருந்தது.

விதை உண்டு என்று தெரிந்தும் விதைக்க முடியாததுதான் வேடிக்கை. தூள் எங்கும் முளைக்காது. முளைத்தாலும் கூடவே நூறு களைப் பூசணம் முளைக்கும். எனவே பழைய படுக்கையிலிருந்து நூலோடிய சாணத்தை வெட்டியெடுத்துப் புதிய படுக்கையில் புதைப்பார்கள். நோயும் புழுவும் சேர்ந்தே வரும். 1894-இல் பாரிஸில் கோஸ்தாந்தான், மத்ருஷோ என்ற இருவர் கிருமி நீக்கிய இடத்தில் தூளை முளைக்க வைத்துத் தூய வித்து தயாரித்தார்கள். செய்முறையை வெளியே விடவில்லை. அமெரிக்காவில் காளான் போட்டவர்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் சாணிச் செங்கல்லை வித்தாக வாங்கி, முளைத்தால் அதிர்ஷ்டம் என்று இருந்தார்கள்.

1905-இல் பெஞ்சமின் டக்கர் என்ற அமெரிக்கர் ஒரு எளிய வழியைக் கண்டார். தூளே வேண்டாம். நல்ல காளான் ஒன்றைப் பிளந்து, உள்ளே இருக்கும் சுத்தமான சதையில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்தால் அதிலிருந்தே இழை ஓடும். முறையை அரசு வெளியீடாகவே அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள். இடையில் ஒரு சின்னச் செய்தி: இதே டக்கர் பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 70 வயதைத் தாண்டிய பிறகு ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கண்டுபிடித்தார். ஓய்வு பெற்ற நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.

1932-இல் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் சின்டன் வேகவைத்த தானியத்தில் இழையை ஓடவிட்டு வித்தாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு தானியமும் ஒரு விதை மாதிரி; கையால் தூவலாம். இன்று நம் ஊரில் சோளத்தில் தயாரித்துப் பையில் விற்கிறார்களே, ‘காளான் வித்து’, அதன் மூதாதை இதுதான்.

இனி ஜப்பான். எனக்கு இந்தக் கதையில் மனதில் நிற்பது இந்த இடம்தான். அங்கேயும் சீனாவைப் போலக் கட்டையை வெட்டி வைத்துக் காற்றை நம்பிய விவசாயிகள். மரம் வாங்கக் கடன், ஆள் கூலிக்குக் கடன். காற்று கைவிட்டால் வீடு போகும். 1930-களில் மோரி கிசாகு என்ற கியோட்டோ பல்கலைக்கழக மாணவர் ஓய்தா பகுதி மலைக் கிராமத்துக்குப் போனார். அங்கே ஒரு முதியவர் கட்டைகளின் முன் நின்று கைகூப்பி, காளானே வெளியே வந்துவிடு, நீ வராவிட்டால் நான் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதுதான் என்று மன்றாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். மோரி கிரியூ ஊரில் ஆய்வுக்கூடம் அமைத்து இதற்கே தன்னைக் கொடுத்துவிட்டார். 1942-இல் வழி கிடைத்தது. சிறு மரத்துண்டுகளில் ஷிடேக் இழையைத் தூய்மையாக வளர்த்து, கட்டையில் துளை போட்டு, அந்தத் துண்டை ஆப்பு மாதிரி அடித்துவிடுவது. காற்று செய்துகொண்டிருந்த வேலையைச் சுத்தியல் ஏற்றுக்கொண்டது. நெல் விதைத்தால் நெல் என்பது போல, ஷிடேக் அடித்தால் ஷிடேக்.

கட்டைக்குப் பதில் மரத்தூள் என்பது அடுத்த படி. அதிலும் நம் இனத்தவர் ஒருவர் இருக்கிறார், வாத்தியார் இனம் என்றேன்! நாகானோ மாநிலத்தில் ஹாசெகாவா கோசாகு என்ற பள்ளி ஆசிரியர், மரத்தூளைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து எனோகி காளான் வளர்க்கும் முறையை மட்சுஷிரோ விவசாயிகளிடம் பரப்பினார். பிறகு புட்டியிலிருந்து வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் பைக்கு மாறினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீனர்கள் குரங்குத் தலையையும் இதே புட்டியிலும் பையிலும் பழக்கிவிட்டார்கள். சாகும் மரத்தின் காயத்தை ஒரு பையாகச் செய்து கொடுத்தாயிற்று.

நம் பக்கம் வருவோம். 1943-இல் கோயம்புத்தூரில் தாமஸும் அவருடைய சகாக்களும் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினார்கள். இந்தியாவில் காளான் பயிரின் தொடக்கங்களில் அது முக்கியமானது. பிறகு சிப்பிக் காளான் வந்தது. 1998-இல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 பால் காளான் நம் வெயிலுக்கென்றே பிறந்த மாதிரி அமைந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு, மருமகனே. சிங்கப்பிடரிக்கு மரத்தூளும் தவிடும் கலந்து, பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் ஈரத்தில் பையில் அடைத்து, 121 டிகிரி அழுத்த நீராவியில் வேகவைக்க வேண்டும். குக்கரில் இரண்டு பை வைக்கலாம், இருநூறு பை வைக்க முடியாது. வித்து போட்ட பின் இழை ஓடி முடிய இரண்டு மூன்று வாரம். காளான் விடும்போது 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி, நல்ல ஈரக்காற்று. காற்றோட்டம் குறைந்தால் பந்து வராது, பவளக்கொடி மாதிரிக் கிளைத்துக்கொண்டு போகும். பெங்களூர் மார்கழியில் இது நடக்கும். நம் ஊர்ச் சித்திரையில் அறையைக் குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். லாபத்தை மின் கட்டணம் தின்றுவிடும். பால் காளானுக்கு இந்தச் சிரமம் கிடையாது. வீட்டுக்கு நாலு பை வளர்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம், தாராளமாகச் செய். கடன் வாங்குவதானால், தாய் வித்து யாருடையது, எத்தனை முறை மாற்றி வளர்த்தது என்று முதலில் கேள். மாற்ற மாற்ற வீரியம் குறையும். “வித்தும் நாங்களே தருவோம், விளைந்ததையும் நாங்களே எடுத்துக்கொள்வோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்” என்று பேசுகிறவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதே. ஓய்தா கிழவர் காற்றை நம்பிக் கடன் வாங்கினார். இது அதைவிட மோசம்.

கடைசியாக, என் வயதுக்காரர்கள் தனிச்செய்தியில் கேட்டது: இது ஞாபக மறதிக்கு மருந்தாமே? 1991-இல் ஜப்பானின் கவாகிஷி குழு இதிலிருந்து ஹெரிசினோன் என்ற பொருள்களைப் பிரித்தெடுத்தது. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தூண்டுவதாக ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். 2009-இல் வெளிவந்த ஆய்வில் லேசான மறதியுள்ள 50 முதல் 80 வயதுக்காரர்கள் 30 பேர். பாதிப் பேருக்குக் காளான் தூள் மாத்திரை தினம் 3 கிராம், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை, 16 வாரம். காளான் தின்றவர்கள் சோதனையில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். நிறுத்திய 4 வாரத்தில் மதிப்பெண் இறங்கிவிட்டது. ஒரு வகுப்பறை அளவு ஆட்கள்கூட இல்லை. இதை வைத்து டப்பாவில் வரும் தூளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க நான் சொல்லமாட்டேன். சர்க்கரைக்கும் ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

சமைப்பதானால் முள் ஒரு சென்டிமீட்டர் நீளும்போதே பறித்துவிடுங்கள். மஞ்சளித்துப் பழுப்பானால் கசக்கும். நார் நாராகக் கிழித்து, எண்ணெய் விடாமல் சட்டியில் போட்டுத் தண்ணீர் வற்றிய பிறகு நெய்யும் மிளகும் சேருங்கள். நண்டுச் சதை மாதிரி இருக்கும் என்று சாப்பிட்டவர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் நண்டு நுழையாததால் என்னால் ஒப்பிட்டுச் சொல்ல முடியவில்லை.